இரண்டு பரப்பு வளவு

மெற்றில்டா கேட்டது ஒரு சவள். பனி அள்ளுகிற சாதாரணச் சவள், மரப்பிடி போட்டது, தோர்ண்டன் ஹீத் இரும்புக்கடையில் வாசலிலேயே சாத்தி வைத்திருப்பார்கள். அதோடு பனி உருகத் தூவ ஒரு பை உப்பு, ஐந்தாம் நம்பர் ரப்பர் பூட்ஸ் ஒரு சோடி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஒரு காகிதத் துண்டில் எழுதிப் புருஷன் சூசைதாசனின் கையில் கொடுத்தாள். மூன்றே மூன்று சாமான். சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் பிழைவிடாமல் வாங்கி வந்துவிடும்.

சூசைதாசன் சின்னப் பிள்ளை இல்லை. நாற்பத்திரண்டு வயது. அதுதான் கரைச்சல்.

அது 1991ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத் தொடக்கம். சைபீரியாப் பக்கமிருந்து குளிர்காற்று வருகிறது, கிழமை நடுவில் லண்டனில் பனி கொட்டப்போகிறது என்று டிவியில் வரைபடத்தைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்குப் பனி வந்தால் வேலைக்கு ஒரு நாள் லீவு. மெற்றில்டாவுக்கு அப்படி இல்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளுக்கு ஆஸ்பத்திரியில் இன்டர்வியூ.

ஊரில் பெரியாஸ்பத்திரியில் ஒன்பது வருஷம் நேர்ஸாக இருந்தவள். லண்டனுக்கு வந்த மூன்றரை வருஷமாக முதியோர் இல்லமொன்றின் நிலவறையில் படுக்கை விரிப்புத் தோய்க்கிறாள். மேல்மாடியில் கிழவர்களுக்கு ஊசி போடுகிற பெட்டைகளை விட அவளுக்குத் தொழில் தெரியும்; ஆனால் இந்த நாட்டில் பதிவு இல்லை. பதிவு வேண்டுமென்றால் ஒரு ஆஸ்பத்திரி அவளை எடுத்து, ஆறு மாதம் மேற்பார்வையில் வேலை செய்யவிட்டு, இவள் சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஆறு மாதத்துக்கு இடம் கேட்டுத்தான் இன்டர்வியூ. போன ஒக்டோபரில் ஒருமுறை கூப்பிட்டார்கள். அன்றைக்குத்தான் சூசைதாசனின் அக்கா அனுப்பிய ஆட்கள் நாலு பேர் ஹீத்ரோவில் வந்திறங்கினார்கள். வந்த சனத்துக்குச் சோறு போட ஆளில்லை என்று அவளை மறித்துவிட்டான். கெஞ்சிக் கடிதம் எழுதி இரண்டாவது திகதி வாங்கினாள். வந்த பதிலின் கடைசி வரியில், இதையும் தவறவிட்டால் இனித் திகதி தரமாட்டோம் என்று அச்சடித்திருந்தது. அந்தக் கடிதத்தை அவள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். சூசைதாசன் ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைத் திறந்துதான் பால் எடுத்தான்.

அக்காவின் பெயர் பியற்றிஸ். ரொறன்ரோவில் இருந்தாள். கார் வாங்கவும் அக்காவைக் கேட்க வேண்டும், கட்டிலை எந்தச் சுவரோடு போடுவதென்றாலும் அக்காவைக் கேட்க வேண்டும். வாய் தோர்ண்டன் ஹீத்திலும் மூளை ரொறன்ரோவிலுமாக அந்த மனுஷன் சீவித்துக்கொண்டிருந்தான். அந்த ஞாயிறு பின்னேரமும் வழமைபோல டெலிபோன் வந்தது. பனி என்று காதில் விழுந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள். அவளுடைய குரல் ரிசீவரைத் தாண்டிக் குசினி வரைக்கும் கேட்கும்.

"சவளோ? உனக்கென்ன விசரோ தம்பி? நாரி முறிஞ்சு நிமிரேலாமல் போம். ரெண்டு பரப்பு வளவைச் சவளாலை அள்ளி முடிக்க ஈஸ்டர் வந்திடும். ஸ்னோ புளோவர் ஒண்டு வாங்கு. அத்தானும் அதைத்தான் சொல்லுறார்."

மெற்றில்டா கோப்பை கழுவுவதை நிறுத்தினாள். வீட்டைச் சுற்றி இரண்டு பரப்பு நிலமா?

யாழ்ப்பாணத்தில் காணியை அளப்பது பரப்பில். ஒரு பரப்புக் காணியில் ஒரு வீட்டைக் கட்டி, கிணறு வெட்டி, நாலு தென்னை வைத்து, கோழிக்கூட்டுக்கும் இடம் விடலாம். இவர்களுடைய வீடோ இரண்டு பக்கமும் ஒட்டிக் கட்டிய வரிசை வீடு. முன்கதவைத் திறந்தால் எட்டு அடி. எட்டாவது அடியில் கேட். இரண்டு பக்கமும் நெஞ்சுயரத்துக்கு வேலிச்செடி. அந்த எட்டு அடியில் இரண்டு குப்பைத்தொட்டியும் ஒரு ரோசாச்செடியும் நின்றன. பரப்புக் கணக்கில் சொல்வதென்றால் சொல்லவே முடியாது, சிரிப்பார்கள்.

"மெற்றில்டாட்டை குடு," என்றாள் அக்கா. மெற்றில்டா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போய் வாங்கினாள்.

"என்ன நேர்ஸம்மா, சுகமோ? எனக்கு இந்த முழங்கால் நோவு விடுகுதில்லை. உங்கட ஆஸ்பத்திரியிலை என்ன பூசுறவை?"

பழைய உத்தியோகத்தை வைத்துப் பகிடி விடுகிறாள் என்று நினைத்து, தெரிந்த ஒரு களிம்பின் பெயரை மெற்றில்டா சொல்லி வைத்தாள். போனை வைத்ததும் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"எங்கை கிடக்கு ரெண்டு பரப்பு? மெத்தைக்குக் கீழையோ?"

சூசைதாசன் சுவரைப் பார்த்தான். "வீடு வாங்கின நேரம் வளவு எவ்வளவெண்டு அக்கா கேட்டவ. அவை அங்கை கராஜோடை பெரிய வீடெல்லோ எடுத்தவை. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னனான்."

"அப்ப சும்மா ஒரு பேச்சுக்கு இல்லையெண்டும் சொல்லுங்கோவன்."

"அக்காவுக்கோ? ஏலாது."

அவன் சட்டைப்பையிலிருந்து அவளுடைய துண்டை எடுத்தான். சவள், உப்பு, பூட்ஸ். அதைத் திருப்பிப் பின்பக்கத்தில், அக்கா சொன்னதை மறக்கமுதல் எழுதத் தொடங்கினான். எட்டுக் குதிரைவலு. இரண்டு கட்டம்: முன்னாலே ஒரு சுருள்கத்தி பனியை வெட்டி உள்ளே இழுக்க வேண்டும், உள்ளே இன்னொரு விசிறி அதைக் குழாயால் தூர எறிய வேண்டும். ஒற்றைக் கட்ட மெஷின் கண்ட கண்ட சனங்களுக்காம். மெற்றில்டாவுக்கு அந்தப் பேனாவைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது.

திங்கட்கிழமை குரொய்டனுக்கு வெளியே, புல்லு வெட்டுகிற மெஷின் விற்கும் கடையொன்றுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனான். பனி தள்ளும் மெஷின் இரண்டே இரண்டு நின்றன. ஒன்று மின்சாரத்தில் ஓடுகிற சின்னன். மற்றது செக்கச்செவேல் என்று, உழவு மெஷினுக்கு வாய் வைத்த மாதிரி. கடைக்கார வெள்ளைக்காரர் நல்ல மனுஷன். எவ்வளவு இடம் துப்பரவாக்க வேண்டும் என்று முதலில் கேட்டார்.

சூசைதாசன் கண்ணை மூடிக் கணக்குப் பார்த்தான். பரப்பைச் சதுர அடியாக்கினான், அதை இரண்டால் பெருக்கினான். பொய்யை எவ்வளவு நேர்மையாகப் பெருக்குகிறான் பாருங்கள். "ஐயாயிரத்து நானூறு சதுர அடி," என்றான்.

"பள்ளிக்கூடம் நடத்துகிறீர்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"எட்டு அடி," என்றாள் மெற்றில்டா ஆங்கிலத்தில். "எட்டு அடி நீளம், மூன்றடி பாதை."

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூலையில் நின்ற ஒரு சவளை எடுத்து அவளுடைய கையில் கொடுத்தார். அவள் அதைத் தூக்கிப் பார்த்தாள். இலேசாக, கைக்கு அடக்கமாக இருந்தது. சூசைதாசன் அதை அவளுடைய கையிலிருந்து வாங்கிப் பழைய மூலையில் கொண்டுபோய்ச் சாத்தினான்.

"சவள் பிடிக்கவோ லண்டனுக்கு வந்தனாங்கள்? அக்கா மெஷினோடை நிண்டு படம் எடுத்து அனுப்பச் சொன்னவ."

"இஞ்சை பாருங்கோ, எனக்கு வெள்ளிக்கிழமை போகவேணும். எனக்கு மெஷின் வேண்டாம், பாதை வேணும்."

"உனக்குத்தானே வாங்கிறன்! பத்து நிமிஷத்திலை பாதை வெட்டித் தருவன். சனத்துக்கு முன்னாலை கத்தாதை."

கத்தவில்லை. கத்தியிருக்க வேண்டும் என்று பிறகு நாலு நாளும் நினைத்தாள்.

புதன்கிழமை வேலை முடிந்து அவளே இரும்புக்கடைக்கு ஓடினாள். சவள் முடிந்துவிட்டது. உப்பு முடிந்துவிட்டது. பூட்ஸில் பதினோராம் நம்பர் மட்டும் மிஞ்சியிருந்தது. தெருச் சனமெல்லாம் புத்தியாக ஞாயிறு, திங்களிலேயே வாங்கிப்போட்டார்கள். வீட்டுக்கு வந்தால், கேட்டின் செங்கல் தூண் இரண்டிலும் சிவப்புப் பெயின்ட் உரஞ்சியிருந்தது. மெஷின் வந்துவிட்டது. இரண்டு ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சரித்துச் சரித்துக் கேட்டுக்குள்ளால் நுழைத்தார்களாம். களவு போய்விடும், பனி பட்டால் எஞ்சின் பழுதாகிவிடும் என்று அதை வீட்டுக்குள்ளேயே ஏற்றி, முன்கதவுக்குப் பின்னால் நடையில் நிறுத்தியிருந்தான். பெட்ரோல் மணம் குசினிவரை அடித்தது. அவன் பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்தபடியால் அந்த மணம் அவனுக்குத் தெரியவில்லை.

வாயைத் திறந்தால் என்ன வருமென்று மெற்றில்டாவுக்கே பயமாக இருந்தது. இருபது கிலோ பாஸ்மதிச் சாக்கு ஒன்று வெறுமையாகக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, மெஷினுக்கும் சுவருக்கும் நடுவால் உரஞ்சிப் போய்க் கேட்டடிப் படியில் விரித்தாள். வெள்ளிக்கிழமை அந்த இடத்தில் சறுக்கி விழாமலாவது போகலாம். ஊரில் மாரிக்குச் சேற்றில் சாக்குப் போடுவது போலத்தான்.

வியாழக்கிழமை முழுக்கப் பனி கொட்டியது. சாக்கு மறைந்தது, ரோசாச்செடி மறைந்தது, குப்பைத்தொட்டிகளுக்கு வெள்ளைத் தொப்பி வந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் நீல ஸ்கேர்ட்டும் வெள்ளைச் சட்டையும் போட்டு, கோட்டை மாட்டி, சேர்ட்டிபிக்கேட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஆயத்தமாக நின்றாள். ரயில் இல்லை, பஸ் இல்லை என்று ரேடியோ சொன்னது. நடந்தால் இரண்டு மைல், நடக்கலாம். ஆனால் முன்கதவுக்கும் அவளுக்கும் நடுவில் அந்தச் சிவப்புப் பிசாசு நின்றது; இன்டர்வியூ உடுப்பில் கிரீஸ் படாமல் அதை உரஞ்சிப் போக முடியாது. பின்பக்கத்தால் போக ஒழுங்கை கிடையாது.

"பத்து நிமிஷம்," என்றான் சூசைதாசன். தன்னுடைய புது ரப்பர் பூட்ஸைப் போட்டிருந்தான். ஆம், தனக்கு மட்டும் வாங்கியிருந்தான்.

அதைக் கதவுப்படியால் இறக்கவே இருபது நிமிஷம் போனது. கயிற்றை இழுத்தான். இழுத்தான். கோட்டைக் கழற்றிவிட்டு இழுத்தான். நாற்பதாவது இழுவையில் அது உறுமிக்கொண்டு எழும்பியது. தெருவில் நாலு யன்னல் திறந்தது. பக்கத்து வீட்டு எட்வேட், எழுபது வயது மனுஷன், நிலக்கரி அள்ளுகிற சின்னச் சவளால் விடிய ஆறு மணிக்கே தன் பாதையைச் சுத்தமாக்கிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையோடு படியில் நின்றார். மெஷினின் குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சூசைதாசன் பார்க்கவில்லை. முதலில் பனி தங்களுடைய யன்னலில் அடித்தது. பதறிப்போய்த் திருப்பினான். அது வேலிச்செடிக்கு மேலால் பறந்து, எட்வேட்டின் பாதை முழுவதிலும், கோப்பைக்குள்ளும், அவருடைய கம்பளித் தொப்பியிலும் விழுந்தது.

"சொறி! சொறி!" என்று கத்திக்கொண்டே சூசைதாசன் முன்னுக்குத் தள்ளினான். மூன்றடி, ஐந்தடி, ஏழடி. உண்மையைச் சொல்ல வேண்டும், பாதை வெட்டுப்பட்டுத்தான் வந்தது. மெற்றில்டா அவனுக்குப் பின்னால் அடியடியாக நடந்தாள். மெஷினின் வாய் கேட்டின் தூண் இரண்டுக்கும் நடுவில் போனது. கேட்டடிப் படியில் கடித்தது. நாய் துணி கிழிப்பதுபோல ஒரு சத்தம், பிறகு இரும்பு முறிகிற சத்தம், பிறகு ஒன்றுமில்லை.

சுருள்கத்தியில் பாஸ்மதிச் சாக்கு இறுகச் சுற்றிக்கொண்டு கிடந்தது. மெஷின் படியில் ஏறிச் சரிந்து இரண்டு தூணுக்கும் நடுவில் ஆப்பு வைத்தது மாதிரி இறுகிவிட்டது. முன்னுக்கும் வராது, பின்னுக்கும் வராது. சூசைதாசன் இழுத்தான், உதைத்தான், கடைசியில் குனிந்து பார்த்தான்.

"எந்த விசரி இதிலை சாக்குப் போட்டது?"

"இந்த விசரிதான்," என்றாள் மெற்றில்டா. "உப்பு வாங்காத வீட்டிலை சாக்குத்தான் போடலாம்."

"நீ சாக்குப் போடாட்டில் இப்ப பாதை..."

"கழட்டுங்கோ."

"என்னத்தை?"

"பூட்ஸை. ரெண்டையும்."

அவளுடைய முகத்தில் என்னத்தைக் கண்டானோ, பனியில் நின்றபடி ஒவ்வொரு காலாகக் கழற்றினான். அவள் அதற்குள் காலை விட்டாள். எட்டாம் நம்பர், மூன்று சோடி சொக்ஸுக்கு மேலும் ஆடியது. போடவேண்டிய கறுப்புச் சப்பாத்தைப் பைக்குள் வைத்தாள். ஸ்கேர்ட்டைத் தொடைக்கு மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, எஞ்சின் மூடியில் ஒரு காலை ஊன்றி, கைபிடியில் மற்றக் காலை வைத்து, அந்த எட்டுக் குதிரைவலுவுக்கு மேலால் ஏறினாள். முப்பத்தெட்டு வயதில், தெருச் சனமெல்லாம் யன்னலில் நின்று பார்க்க. எட்வேட் ஓடிவந்து அந்தப் பக்கத்தில் கை கொடுத்தார். இறங்கியவள் திரும்பிப் பார்க்கவில்லை. சொக்ஸோடு நிற்கிற மனுஷனைப் பார்த்தால் இரக்கம் வந்துவிடும். அவளுக்கு அன்றைக்கு இரக்கம் தேவைப்படவில்லை.

இரண்டு மைலையும் கோபத்தாலேயே நடந்தாள். குளிர் தெரியவில்லை. பத்து மணிக்குப் பதினைந்து நிமிஷம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் சப்பாத்தை மாற்றினாள். மூன்று பேர் இருக்க வேண்டிய மேசையில் இரண்டு பேர்தான் வந்திருந்தார்கள். கூப்பிட்ட ஆறு பேரில் வந்தவள் அவள் மட்டும். எப்படி வந்தாய் என்று கேட்டார்கள். நடந்து என்றாள். நரைத்த தலையோடு இருந்த தலைமை நேர்ஸ் மேற்றன் ஒரு கேள்வி கேட்டாள்: உனக்கு மேலே உள்ள ஒருவர் பிழையான மருந்தளவைச் சொன்னால் என்ன செய்வாய்?

"சொன்னது யாராக இருந்தாலும், அளவை நானே இன்னொரு தடவை பார்ப்பேன்," என்றாள் மெற்றில்டா. "பிழை என்றால் கொடுக்கமாட்டேன். அவர் கோபித்தாலும் கொடுக்கமாட்டேன்." குரல் கொஞ்சம் உரத்துவிட்டது. மேற்றன் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

பின்னேரம் நாலரை மணிக்குத் திரும்பி வந்தாள். மெஷின் அதே இடத்தில் நின்றது. அதே மாதிரி ஏறி இறங்கினாள். சூசைதாசன் ஹீட்டரில் காலை நீட்டிக்கொண்டு இருந்தான்.

"கிடைச்சிட்டுது," என்றாள். "திங்கட்கிழமை துவங்கிறன். ஆறு மாசம் முடியப் பதிஞ்சு தருவினம்."

அவன் துள்ளி எழும்பினான். உண்மையாகவே சந்தோஷம், அதைக் குறை சொல்ல முடியாது. கண் கலங்க அவளுடைய கையைப் பிடித்தான். நாலு நாளில் முதல்முறையாக அவளுக்கு நெஞ்சு இளகியது. போகட்டும், கழுதை, மனுஷன் கெட்டவன் இல்லை என்று நினைத்தாள். அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது.

"ஓமக்கா, ஓம். நல்ல மெஷின். ரெண்டு பரப்பும் பத்து நிமிஷத்திலை துப்பரவு. மெற்றில்டாவோ? ஓம், ஓம், அதாலைதான் அவ இண்டைக்கு வேலைக்கே போகக்கூடியதா இருந்தது."

வேலைக்கா? மெற்றில்டா காத்து நின்றாள். இப்போது சொல்லுவான், அடுத்த சொல்லில் சொல்லுவான் என்று நின்றாள். அவன் ரொறன்ரோப் பனியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினான்.

"சொல்லுங்கோவன்," என்றாள் மெதுவாக. "எனக்கு இடம் கிடைச்சதைச் சொல்லுங்கோ."

அவன் ரிசீவரின் வாயைப் பொத்தினான். காது சிவந்திருந்தது. "அதைச் சொல்லேலாதப்பா. அக்காவுக்கு நீ மூண்டு வருஷமா இஞ்சை நேர்ஸ் எண்டு சொல்லிப்போட்டன்."

நேர்ஸம்மா. உங்கட ஆஸ்பத்திரி. முழங்கால் களிம்பு.

மெற்றில்டா தன்னுடைய கையைப் பார்த்தாள். மூன்றரை வருஷம் நிலவறையில் கொதிநீரில் வெந்த கை. மூத்திர விரிப்புத் தோய்த்துத் தோய்த்து வெடித்த விரல். எல்லாவற்றையும் இவன் ஒரு வாய்ச்சொல்லில் இல்லாமல் ஆக்கிவிட்டான். அவளுக்கு வருமென்றிருந்த ஒரே ஒரு சந்தோஷத்தை, அது வருவதற்கு மூன்று வருஷம் முன்னமே எடுத்து அக்காவுக்குச் சொல்லி முடித்துவிட்டான். இன்றைக்கு அவள் பனியில் நடந்துபோய் வாங்கி வந்ததற்கு இந்த வீட்டில் வைக்க இடமில்லை.

ரிசீவரை அவனுடைய கையிலிருந்து பிடுங்கினாள்.

"மச்சாள், நான் மெற்றில்டா. நான் நேர்ஸ் இல்லை. மூண்டரை வருஷமா உடுப்புத் தோய்க்கிறன். திங்கட்கிழமைதான் ஆஸ்பத்திரியிலை துவங்கிறன், அதுவும் பழகிற ஆளா. எங்கட வளவு ரெண்டு பரப்பு இல்லை, எட்டு அடி."

சூசைதாசன் கதிரையில் தொப்பென்று இருந்தான். கடைசியில் அக்காவின் குரல், முதல் தடவையாக ரிசீவரைத் தாண்டாமல், சின்னதாகக் கேட்டது.

"எட்டு அடியோ? அப்ப... அந்த மெஷினை எங்கை விட்டிருக்கிறியள்?"

"கேட்டிலை இறுகிக் கிடக்கு, மச்சாள். காலமை நான் அதுக்கு மேலாலை ஏறித்தான் போனனான். திங்கட்கிழமை எனக்கு ஏழு மணி ஷிப்ட். அதுக்குமுதல் அதை எடுக்கச் சொல்லுங்கோ. நான் சொல்லிக் கேக்கமாட்டார். நீங்கள் சொன்னால்தான் கேப்பார்."

ரிசீவரை அவனுடைய மடியில் வைத்துவிட்டு, பூட்ஸைக் கழற்றக் குனிந்தாள்.